காலக்கெடு இல்லாத கட்டடம்: புதுச்சேரி கோல்கோண்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

தடை வந்தால்தான் மனிதனுக்குப் புது யோசனை வரும் என்று கட்டட வேலையில் இருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள். முகத்துக்கு நேரே சிரிப்பார்கள். சைட்டில் தடை வந்தால் நடப்பது வேறு. ஆற்று மணல் கிடைக்காத நாளில் உப்பு மணலைக் கொஞ்சம் கலந்துவிடலாமா என்று யாராவது காதோடு கேட்பார்கள். கம்பி விலை ஏறினால் தூணிலும் உத்தரத்திலும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குக்கும் ரிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி சத்தமில்லாமல் ஓரங்குலம், இரண்டங்குலம் கூடும். கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகைக்குத் தட்டுப்பாடு என்றால், பக்கத்து ஸ்லாபுக்கு அடித்ததை நாள் ஆவதற்கு முன்பே பிரித்துக்கொண்டு வருவார்கள். இதுவும் யோசனைதான். உப்பு கம்பியைத் தின்று கூரை பொரிந்து விழும்போதுதான் அதன் விலை தெரியும். அப்போது யோசனை சொன்னவர் வேறு சைட்டில் இருப்பார்.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றித்தான் கேட்க வேண்டும். ஒரே மாதிரியான தடைக்கு ஓரிடத்தில் மட்டமான வேலையும் இன்னோரிடத்தில் புதுமையும் வருகிறதே, அது எப்படி? இதை ஆராய நாம் வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கோண்ட் இருக்கிறது. வேலை தொடங்கியது 1937-ல். கட்டடம் ஒன்றுக்கு வரக்கூடிய தடைகளில் பெரும்பாலானவை அதற்கு வந்தன. வடிவமைத்தவர்களுக்குப் பழக்கமில்லாத வெயில், கான்கிரீட் பழக்கமில்லாத கைகள், கடையில் கிடைக்காத சாமான்கள், பாதியில் கிளம்பிய நிபுணர்கள், இவை போதாதென்று ஓர் உலகப் போர். வேலை 1940-களுக்குள் இழுத்துக்கொண்டே போனது. ஆனால் கட்டி முடித்ததை இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்றாகக் கட்டடக்கலை வரலாறு கணக்கில் வைத்திருக்கிறது. நவீன கான்கிரீட் கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற சண்டிகர் நகரம் எழும்ப ஆரம்பித்ததே 1950-களில்தான் என்பதை நினைத்தால் இதன் பொருள் புரியும்.

இடமும் ஆட்களும்

அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்தது 1910-ல். ஆசிரமம் முறையாக உருவானது 1926-ல். அடுத்த பத்தாண்டில் தங்க வருபவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. ஊருக்குள் இருந்த பழைய வீடுகளை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். சாதகர்கள், அதாவது ஆன்மிகப் பயிற்சிக்காக ஆசிரமத்தில் சேர்ந்தவர்கள், தங்குவதற்கென்றே ஒரு கட்டடம் வேண்டும் என்று அன்னை, அதாவது ஆசிரமத்தை நடத்திய பிரெஞ்சுப் பெண்மணி மிரா அல்ஃபாசா, முடிவெடுத்தார். ஐதராபாத் சமஸ்தானத்தில் உயர்பொறுப்பில் இருந்த சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் அங்கிருந்து ஒரு லட்சம் ரூபாய் வந்தது. அதற்கு நன்றியாகத்தான் ஐதராபாத்தை ஒட்டிய கோல்கொண்டாவின் பெயர், பிரெஞ்சு உச்சரிப்பில்.

வடிவமைத்த அந்தோனின் ரேமண்ட் அப்போது டோக்கியோவில் இருந்தார். செக் மண்ணில் பிறந்து அமெரிக்கர் ஆனவர். பெயர்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலை பார்த்து, அவருடைய இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஜப்பானுக்குப் போய், அங்கேயே தனி அலுவலகம் போட்டுக்கொண்டவர். 1923 செப்டம்பரில் பெரும் நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவை அழித்தன. அதற்குப் பிறகு அவர் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு கான்கிரீட் வீடு. பூச்சுப் பூசி மறைக்காமல் கான்கிரீட்டை அப்படியே வெளியே காட்டும் வழக்கம் அவரிடம் அங்கிருந்தே வந்தது. ஆசிரமத்தில் இருந்த பிரெஞ்சுப் பொறியாளர் பவித்ரா ஜப்பானில் இருந்த காலத்தில் ரேமண்டை அறிந்தவர். தொடர்பு அந்த வழியில் ஏற்பட்டது.

ரேமண்டின் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் இங்கே வந்து தங்கினார்கள். ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர், எம்.ஐ.டி.யில் படித்தவர். வந்த இடத்தில் ஆசிரமத்திலேயே சேர்ந்துவிட்டார். சம்பளம் வேண்டாம் என்றார். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயரிட்டார். மற்றவர் பிரான்டிஷெக் சாமர். செக் நாட்டவர், பாரிஸில் நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் வேலை பழகியவர். ரேமண்ட் 1938-ல் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் தங்கி வேலையைப் பார்த்தார்.

இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பணம் ஐதராபாத்தில் இருந்து, வரைபடம் டோக்கியோவில் இருந்து, முடிவு சொல்பவர் பிரெஞ்சுப் பெண்மணி, வேலையில் ஆசிரமத்துச் சாதகர்களும் கூலியாட்களும். இன்றைய புராஜெக்ட் மேனேஜர் யாரிடமாவது இந்தப் பட்டியலைக் காட்டினால் அன்றைக்கே ராஜினாமா கொடுத்துவிடுவார்.

வெயிலுக்குப் பதில் சொன்ன வடிவம்

முதல் தடை, எப்போதும் இங்கேயே இருக்கிற ஒன்று. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தலைக்கு மேலே நிற்கும். காலையும் மாலையும் கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் வெயில் நேராக அறையும். கத்திரியில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஆனால் நம்மை வாட்டுவது அந்த எண் இல்லை, கடற்கரை ஊரின் புழுக்கம். வியர்வை காயாது. காற்று அசைந்தால்தான் உடம்புக்கு நிம்மதி. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாய்த்து அடிக்கும். வெயிலைத் தடு, மழையைத் தடு, காற்றை மட்டும் விடு என்று மூன்றையும் ஒரே சுவரிடம் கேட்க வேண்டும்.

இதற்கு மேல் ஒரு முரண். இது சாதகர்கள் தனித்திருப்பதற்கான விடுதி. ஒவ்வோர் அறையிலும் அமைதி வேண்டும், மறைவு வேண்டும். மறைவுக்குச் சுவர் வைத்தால் காற்று நின்றுவிடும். காற்றுக்குத் திறந்தால் மறைவு போய்விடும். இன்றைக்கு இந்த முரணை நாம் ஏ.சி. வைத்து மறந்துவிடுகிறோம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை, அதனால் முரணை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருந்தது.

கட்டடத்தின் நீண்ட முகங்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்தார்கள். குறுகிய பக்கங்கள் கிழக்கிலும் மேற்கிலும் வருகின்றன, அவை அடைத்த சுவர்கள். அறைகள் எல்லாம் தெற்குப் பார்த்து ஒரே வரிசை, அவற்றுக்கு வடக்கே நடைவழி. இரண்டு பக்கமும் அறை வைத்து நடுவில் இருட்டு நடைவழி விடும் லாட்ஜ் அமைப்பை எடுத்துக்கொண்டிருந்தால் அதே இடத்தில் கூடுதல் அறைகள் கிடைத்திருக்கும். காற்று குறுக்கே ஓடியிருக்காது.

அடுத்தது இந்தக் கட்டடத்தின் பெயர்பெற்ற அம்சம். வடக்கிலும் தெற்கிலும் வழக்கமான சுவரும் கிடையாது, சன்னலும் கிடையாது. மேலிருந்து கீழ் வரை படுக்கைவசத்தில் பலகைகள் அடுக்கியிருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்த, திருப்பி வைக்கக்கூடிய பலகைகள். திறந்தால் முகம் முழுக்கக் காற்று. சாய்த்தால் வெயிலும் மழையும் வெளியே, காற்று மட்டும் உள்ளே. எந்தக் கோணம் வேண்டும் என்பதை அறையில் இருப்பவரே அன்றன்றைக்கு முடிவு செய்துகொள்வார். கண்ணாடி இல்லை.

அறைக்கும் நடைவழிக்கும் நடுவில் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவு. சட்டங்களை ஒன்றுக்கொன்று விலக்கி, முன்னும் பின்னுமாக அமைத்திருப்பதால் பார்வை நுழையாது, காற்று நுழையும். மறைவா காற்றா என்ற முரணுக்குக் கிடைத்த விடை இந்தக் கதவு. ரேமண்டும் நகாஷிமாவும் ஜப்பானிய வீட்டின் தள்ளுகதவுகளோடு வாழ்ந்து பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே இறக்குமதி செய்திருந்தால் காகிதம் ஒட்டிய கதவுதான் வந்திருக்கும், நம்மூர் ஈரக்காற்றில் அது ஒரு மழைக்குத் தாங்கியிருக்காது. இந்த ஊரின் காற்று அந்தக் கதவை வேறொன்றாக மாற்றியது.

கூரை இன்னும் சுவாரசியம். தட்டைக் கான்கிரீட் ஸ்லாப் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு இரவெல்லாம் கீழே கக்கும். மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோல்கோண்டில் ஸ்லாபுக்கு மேலே, தனியாக வார்த்து எடுத்த வளைவான கான்கிரீட் ஓடுகளை இன்னொரு கூரையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் காற்றோடும் இடைவெளி. வெயிலை வாங்கிக்கொள்வது மேல்கூரை, கீழே இருக்கும் ஸ்லாப் நிழலில் கிடக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபின் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கான்கிரீட் பெட்டிகளுக்குள் புழுங்கிக் கிடந்தோமே, அந்த நாட்களில் நம் வீடுகளில் எது குறைவு என்று யோசித்திருந்தால் இந்த இடைவெளிதான் விடையாக வந்திருக்கும்.

புதுச்சேரியின் தமிழ் வீடுகளில் தாழ்வாரமும் முற்றமும் இதே வேலையைத்தான் செய்தன. பிரெஞ்சு வீடுகளின் சாய்பலகை வைத்த சன்னல் கதவுகளும் அப்படித்தான். கோல்கோண்ட் அவற்றின் தோற்றத்தை எடுக்கவில்லை. நிழலும் குறுக்கோட்டக் காற்றும் என்கிற வேலைமுறையை மட்டும் எடுத்துக்கொண்டது. என் கணிப்பில் அதன் தனித்தன்மையே இதுதான். முன்னால் இரண்டு தூணும் ஒரு ஓட்டுச் சரிவும் வைத்துவிட்டு 'பாரம்பரிய பாணி' என்று விற்கும் இன்றைய ரிசார்ட்டுகளுக்கு நேர் எதிர்.

கடையில் இல்லாதவை

புதுச்சேரிக் கொத்தனார்களின் கைப்பழக்கம் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் பதிக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை. கோல்கோண்ட் கேட்டது கம்பி கட்டிய கான்கிரீட். அதுவும் வெளிப்பக்கம் பூச்சு இல்லாமல். இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். பூச்சு வேலை இருக்கிறது என்றால் சென்ட்ரிங் கொஞ்சம் கோணினாலும், சரியாகக் குத்தாமல் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்தாலும், பிறகு மறைத்துக்கொள்ளலாம். பூச்சு இல்லை என்றால் பலகையின் ஒவ்வோர் இணைப்பும் கான்கிரீட்டில் பதிந்து காலத்துக்கும் நிற்கும். அப்படியானால் முதலில் தச்சு வேலை சுத்தமாக இருக்க வேண்டும். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் பலகையில் ஒரு கட்டடம் எழும்பியாக வேண்டும்.

ஆசிரமம் பெரிய ஒப்பந்தக்காரர் யாரையும் நம்பி இதை விடவில்லை. தன் ஆட்களையே பழக்கியது. படித்தவர், வேறு தொழில் பார்த்துவிட்டு வந்தவர் எனப் பலரும் சைட்டில் நின்றார்கள். கருவிகளையும் பொருள்களையும் பேணுவதில் அன்னை கண்டிப்பானவர். எதையும் வீணாக்கக் கூடாது என்பது அங்கே நிர்வாக விதி என்பதைவிட ஒழுக்கம்.

உள்சுவருக்கு வந்தபோது கதை மாறுகிறது. அங்கே சிப்பி கிளிஞ்சலைப் பொடித்துச் சேர்த்த வெள்ளைப் பூச்சு. இந்தக் கரையோரத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் கை ஏற்கெனவே இருந்தது. தரைக்குக் கடப்பைக் கல். அதாவது, வெளிநாட்டு வரைபடம் எங்கே புதுப் பழக்கத்தைக் கேட்டதோ அங்கே பொறுமையாகப் பழகினார்கள். எங்கே உள்ளூர்க் கை அதைவிட நன்றாகச் செய்யுமோ அங்கே உள்ளூர்க் கையிடம் விட்டார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுதான் கெட்டிக்காரத்தனம். நம் ஊரில் பல நல்ல வரைபடங்கள் சைட்டில் செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

பித்தளைக் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. பலகைகளைத் திருப்பவும் கதவுகளை ஓட்டவும் கீல், கொண்டி, பிடி என்று எத்தனையோ உருப்படி வேண்டும். இப்படி ஒரு அமைப்பு அதற்கு முன் இந்த ஊரில் இல்லை என்பதால் கடையில் போய்க் கேட்கவும் முடியாது. கடற்காற்றில் இரும்பு நிற்காது, ஆகவே பித்தளைதான். பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, ஆசிரமப் பட்டறையிலேயே அந்த உருப்படிகளை வார்த்தார்கள். அண்டாவும் சொம்பும் கொண்டியாகவும் கைப்பிடியாகவும் மாறின. பட்டறையின் பெயர் ஹார்பகோன். பிரெஞ்சு நாடகம் ஒன்றில் வரும் மகா கஞ்சனின் பெயர் அது. வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது.

இதைப் பொருளாதாரக் கணக்காக மட்டும் பார்த்தால் முக்கியமானது தவறிவிடும். கடையில் வாங்கும் கொண்டிக்கு ஏற்றபடி கதவை மாற்றுவதுதான் வழக்கம். சப்ளையர் கேட்டலாக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் வரைபடத்தின் எல்லை. பட்டறை கையில் இருந்தபோது கணக்கு தலைகீழானது. கதவுக்கு என்ன வேண்டுமோ அது கொண்டியாயிற்று. வார்த்துப் பார், பொருத்திப் பார், சரியில்லையா, மறுபடி உருக்கு. பித்தளை தீர்ந்துபோவதில்லை. தவறான ஒரு வார்ப்புக்கு அங்கே ஆகும் செலவு கொஞ்சம் கரியும் ஒரு நாளும்தான்.

போர் வந்தபோது

1939-ல் நகாஷிமா புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். ரேமண்ட் அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார். செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் வெடித்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். செப்டம்பரில் இங்கிருந்த நிர்வாகம் ஜெர்மனியை எதிர்த்து நின்ற தெகோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் சாய்ந்தது. தாய்நாட்டுக்கும் காலனிக்கும் நடுவில் இருந்த கடல்வழி அறுந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானும் போரில் இறங்கியது. கம்பிக்கும் சிமெண்டுக்கும் கப்பலை நம்பியிருந்த காலத்தில் இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. மிஞ்சியிருந்த சாமரும் பின்னர் போருக்காக ராணுவத்தில் சேர்ந்தார்.

ஆய்வு என்று எழுதும்போது இங்கே கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். போரால்தான் இந்தக் கட்டடம் சிறப்பானது என்று எழுதுவது சுலபம், படிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன புதுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். திருப்பும் பலகையைக் கேட்டது வெயிலும் மழையும். சட்டக் கதவைக் கேட்டது மறைவும் காற்றும். பித்தளை வார்ப்பைக் கேட்டது கடையில் கிடைக்காத உருப்படி. இவற்றில் எதையும் போர் கண்டுபிடித்துத் தரவில்லை. போர் கொடுத்தது தாமதம். பொருளை எடுத்துக்கொண்டது, ஆட்களை எடுத்துக்கொண்டது.

அப்படியிருந்தும் வேலை அறுந்துபோகவில்லை. இங்கேதான் எனக்கு இந்த நிகழ்வின் மையம் தெரிகிறது. போருக்கு முந்தைய சின்னத் தடைகள், கைப்பழக்கம் இல்லாமை, கடையில் சாமான் இல்லாமை போன்றவை, அந்தக் குழுவை யாரையும் எதிர்பார்க்காத குழுவாக ஆக்கி வைத்திருந்தன. வடிவமைத்தவர்கள் ஒவ்வொருவராகப் போனபோது, கட்டத் தெரிந்த கைகள் உள்ளேயே இருந்தன. தாங்கக்கூடிய தடைகள் பழக்கிவிட்டதால் தாங்கமுடியாத முறிவு வந்தபோது தாக்குப்பிடித்தார்கள். எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரரிடமும் கப்பலிடமும் விட்டிருந்தால் 1940-லேயே அது பாதி எழும்பிய எலும்புக்கூடாக நின்றிருக்கும். போருக்குப் பின் யாராவது வந்து அவசரமாகச் சன்னல் வைத்து முடித்திருப்பார்கள்.

எது வேலை செய்தது

ரேமண்ட் பின்னாளில் இந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே ஒப்பந்தம் என்று ஒன்று இல்லை, நேரத்தையும் பணத்தையும் யாரும் குறித்து வைக்கவில்லை என்கிறார். கனவில் வாழ்ந்தது போல இருந்ததாம். கட்டடக் கலைஞர்களுக்கு இப்படி ஒரு கனவு வருவது இயற்கை. ஆனால் தடையைப் பற்றிய நம் கேள்விக்கு இந்தக் குறிப்பு முக்கியமான சாட்சி.

தொடக்கத்தில் சொன்ன உப்பு மணல் ஆசாமியை மறுபடி பார்ப்போம். அவருக்கும் தடை இருக்கிறது, அவருக்கும் மூளை இருக்கிறது. அவரிடம் இல்லாதது நாள். சித்திரைக்குள் கிரகப்பிரவேசம், மேஸ்திரிக்குச் சனிக்கிழமை கூலி, ஸ்லாப் முடிந்தால்தான் பேங்க் அடுத்த தவணை விடும். தடை வந்ததும் நெகிழக்கூடிய ஒரே இடம் தரம்தான் என்று ஆகிவிடுகிறது. எனவே தரம் நெகிழ்கிறது. கோல்கோண்டில் தரம் நெகிழாது என்று முன்பே முடிவாகிவிட்டது. அதைச் சொல்லும் அதிகாரம் அன்னை ஒருவரிடம் இருந்தது, அவர் இறங்கிவரவில்லை. நெகிழ்ந்தது காலம். தடையின் அழுத்தம் போகத் தரத்தின் பக்கம் வழி இல்லை என்றபோது அது வடிவத்தின் பக்கமும் கைவேலையின் பக்கமும் போயிற்று.

தடைகளிலும் வகை பார்க்க வேண்டும். வெயில் மாதிரி நிரந்தரமாக, தெளிவாக, எல்லோருக்கும் தெரிகிற தடைதான் வடிவமைப்புக்கு அதிகம் கொடுத்திருக்கிறது. அதை அளக்கலாம், அதோடு மோதிப் பார்க்கலாம், நாளைக்கும் அது அதே இடத்தில் இருக்கும். இல்லாமை அடுத்தபடி. இல்லாதது எது என்று திட்டவட்டமாகத் தெரிந்தால் கை அதைச் செய்யப் பழகும். திடீர் முறிவு கடைசி. அது வரும்போது யோசிக்க நேரம் இருப்பதில்லை, முன்பு சேர்த்து வைத்ததை வைத்துத்தான் சமாளிக்கிறோம். 'நெருக்கடி வந்தால் பார்த்துக்கொள்வோம், அப்போது யோசனை வரும்' என்கிற தைரியம் எங்கள் தொழிலில் நிறைய. இந்த நிகழ்வு அதற்கு ஆதரவாகப் பேசவில்லை.

எடுத்துக்கொள்ள முடியாதவை

கோல்கோண்டைப் பார்த்து எல்லோரும் அப்படியே செய்யலாம் என்று சொல்ல நான் தயாரில்லை. சம்பளம் வாங்காமல் உழைக்கும் பக்தர்கள் எந்த சைட்டிலும் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன். கூலி வாங்கி வேலை செய்பவருக்குத் தாமதம் என்பது கவிதை இல்லை, அடுத்த வாரச் சாப்பாடு. வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீடு கட்டும் குடும்பத்துக்கும் அப்படியே. ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குச் செய்யும் கேடு இன்று தெரிந்த விஷயம். அந்தப் பொருளை இன்றைக்கு யாரும் பரிந்துரைக்கக் கூடாது. அந்தப் பலகைகள் செய்த வேலையை இன்று மரத்திலோ அலுமினியத்திலோ செய்துகொள்ளலாம். அந்த வடிவமைப்பைப் பராமரிப்பும் விடாது துரத்தும். திருப்பும் பலகை என்றால் தூசு துடைக்க ஆள் வேண்டும், மூட்டுகள் இறுகாமல் பார்க்க ஆள் வேண்டும். ஆசிரமத்தில் அதற்கு ஒழுங்கு இருக்கிறது. நம் அடுக்குமாடிகளில் தண்ணீர்த் தொட்டி கழுவவே சங்கம் கூட வேண்டியிருக்கிறது.

ஆனால் அளவைக் குறைத்தால் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒரு வேலை முழுவதற்கும் காலக்கெடுவைத் தளர்த்த முடியாது, ஏதாவது ஒரு பாகத்துக்கு முடியும். கடலூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர், கூரைக்கு மேல் நிழல் கொடுக்கும் அமைப்பை மட்டுமோ, மேற்குச் சன்னல்களை மட்டுமோ கிரகப்பிரவேசக் கணக்கிலிருந்து பிரித்து வைக்கலாம். ஒரு கோடை அந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டு, ஒரு சன்னலுக்கு மட்டும் மாதிரி செய்து, சரியாக வந்தால் மற்றவற்றுக்குச் செய்துகொள்ளலாம். தச்சரும் வெல்டிங் பட்டறைக்காரரும் அவசரம் இல்லை என்று தெரிந்தால் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். "சார், இதை இப்படித் திருப்பி வச்சா என்ன?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். நாளைக் காலைக்குள் வேண்டும் என்று சொன்ன இடத்தில் அந்தக் கேள்வி வராது.

நகாஷிமாவை வைத்து ஒரு சரிபார்ப்பு

ஒரே நிகழ்வை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசலாமா என்று கேட்டால், அதே ஆட்களில் ஒருவருக்குப் பிறகு நடந்ததைச் சேர்த்துப் பார்க்கலாம். அமெரிக்கா திரும்பிய நகாஷிமாவை, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, 1942-ல் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த அநியாயம் நடந்தது. அந்த முகாமில் ஜப்பானில் தச்சு பயின்ற கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார். கிடைத்த கழிவு மரத்தை வைத்துக்கொண்டு நகாஷிமா அவரிடம் ஜப்பானியக் கருவிகளையும் இணைப்பு முறைகளையும் கற்றார். கோல்கோண்டுக்கு அவர் ஏற்கெனவே தேக்கில் தளவாடங்கள் வடிவமைத்திருந்தார். முகாமுக்கு முன்பே மரவேலைக்குத் திரும்பியிருந்தார், முகாமுக்குப் பிறகு அதிலேயே நிலைத்துவிட்டார். விரிசல் விட்ட பலகையை ஒதுக்காமல், விரிசலின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் கட்டை பதித்து இறுக்கி, அதையே மேசையின் அழகாக்கும் முறை அவருடைய அடையாளமானது.

இங்கேயும் அதே சேர்மானம்தான் தெரிகிறது. பொருள் குறைவு, நேரம் ஏராளம், தரத்தில் இறங்கிவராத ஒரு கண் பக்கத்திலேயே. மூன்றில் முதலாவதை மட்டும் வைத்து முகாமுக்கு நன்றி சொல்லிவிட முடியாது. அங்கே அடைபட்டிருந்த பெரும்பாலோருக்கு அது தொழிலையும் வீட்டையும் சேமிப்பையும் பறித்த இடம், ஹிகோகாவா மாதிரி ஒருவர் எல்லோர் பக்கத்திலும் இருக்கவில்லை. நகாஷிமாவேகூட அங்கிருந்து தன் திறமையால் வெளியே வரவில்லை. வெளியில் ஒருவர் பொறுப்பேற்றால் விடுவார்கள் என்று ஒரு வழி இருந்தது. பென்சில்வேனியாவில் பண்ணை வைத்திருந்த ரேமண்ட் 1943-ல் அந்தப் பொறுப்பை ஏற்றார். தொழிலில் நிலைக்கும் வரை நகாஷிமா அந்தப் பண்ணையில் கோழி பார்த்துக்கொண்டிருந்தார்.